குடிநீரும் குடல்வாழ் நுண்ணுயிரும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனக் கேட்ட மலர்க்குழுவினர், பொருளை நம் விருப்பத்துக்கே விட்டுவிட்டனர். பழைய மாணவர் எழுதுவது பெரும்பாலும் பழைய நினைவாகவே முடிவது வழக்கம். நாமும் ஒரு பழைய நினைவிலேயே தொடங்குகின்றோம். ஆயின் அதில் நின்றுவிட எண்ணவில்லை. அந்நினைவு எழுப்பிய வினா ஒன்று நெடுங்காலம் விடையின்றி நம் உள்ளத்திற் கிடந்தது. இன்று ஆய்வுகூடங்களிலிருந்து அதற்கு விடை வரத் தொடங்கியுள்ளது. அவ்விடை நம் ஊர் வைத்தியத்தைப் பழிப்போர்க்கும் புகழ்வோர்க்கும் ஒருங்கே பாடம் கற்பிப்பதாய் இருத்தலின், அதனை ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகிய மூவகையினர் முன்னும் வைத்தல் தகும் எனக் கருதினோம்.

கோப்பாயில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், நீண்ட விடுமுறை வந்ததும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது தவறாத வழக்கம். இரவு படுக்கைக்குப் போகுமுன் நிலாவாரைக் குடிநீர் ஒரு கிண்ணம். அதன் கைப்பை மறக்க ஒரு துண்டு பனங்கட்டி. இரவு முழுவதும் ஒன்றும் நிகழாது. விடியற்காலையிலேதான் அது தன் வேலையைக் காட்டும். ஓராண்டு நமக்கும் நம் தமையனாருக்கும் ஒரே சட்டியில் வற்றக் காய்ச்சி வடித்த குடிநீரை ஒரே அளவாகக் கொடுத்தார்கள். நமக்கு அது கேட்டது; தமையனாருக்குக் கேட்கவேயில்லை. நாம் வாடிய கீரைத்தண்டுபோற் பாயிற் கிடக்க, அவரோ அயற்பிள்ளைகளுடன் வளவிற் கிளித்தட்டு மறித்துக்கொண்டிருந்தார். அப்பாச்சிக்குப் பெருங்கவலை. அவ்வழியாற் சென்ற பரியாரியாரைப் படலையில் மறித்து, “ஒரே குடிநீர்தானே பரியாரியார், மூத்தவனுக்கு ஏன் கேட்கவில்லை?” என்று வினவினார். பரியாரியார் குடையை மடக்காமலே, “மருந்து ஒன்றுதான் ஆச்சி, குடல் இரண்டல்லோ!” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதனை எல்லோரும் பகடியென்றே கொண்டனர். மருந்து கேளாமற் போவதற்குக் காரணம் பல உண்டு. ஒரு சிறுவனின் வயிற்றைக்கொண்டு எதனையும் நிறுவ முடியாது. ஆயினும், ஒரே மருந்து இருவரிடத்து இருவிதமாய் வேலை செய்வது ஏன் என்னும் வினா எஞ்சியே நின்றது. திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு எனக் கூறினார்: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன். இந்நான்கினையும் நாம் அறிவோம். இவற்றிடையே கண்ணுக்குப் புலனாகாது நின்று மருந்தை முடித்துக் கொடுக்கும் ஐந்தாவது கூட்டமொன்று நோயாளியின் குடலுக்குள்ளேயே வாழ்கின்றது என்பதுதான் இன்றைய விஞ்ஞானம் கூறும் செய்தி.

மனித உடலில் வாழும் பற்றீரியங்களின் தொகை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என 2016 ஆம் ஆண்டு வெளியான கணிப்பொன்று கூறுகின்றது. உடலின் சொந்தக் கலங்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. இப்பற்றீரியங்களுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலிற் குடியிருப்பன. அங்கே ஒட்சிசன் அரிது. சிறுகுடலிற் சமியாமல் வந்த நாரும் பிறவுமே உணவு. அவ்வுணவைப் பிளந்து வாழ்வதற்கு வேண்டிய நொதியங்கள் பல அவற்றிடம் உள்ளன. மனித உடல் ஆக்கவியலாத நொதியங்களும் அவற்றுட் பல. ஆகவே, நம் உடலாற் பிளக்கவியலாத பொருள்களை அவை பிளக்கின்றன. நம் ஈரல் செய்யாத மாற்றங்களை அவை செய்கின்றன. செடிகளின் மருந்துச் சத்துக்கள் பல சர்க்கரையோடு பிணைந்த பெரிய மூலக்கூறுகளாய் இருத்தலின், அவை சிறுகுடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அவை கீழே இறங்கிப் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களின் கையிற் சிக்குகின்றன. பின் நிகழ்வது அந்தந்த மனிதனின் குடலில் எந்தெந்த இனம் குடியிருக்கின்றது என்பதைப் பொறுத்தது.

நிலாவாரையையே முதலில் எடுத்துக்கொள்வோம். அரபு நாட்டிலும் ஆபிரிக்கக் கரையிலும் தோன்றிய இச்செடி திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்திற் பெருக விளைவிக்கப்பட்டு, அவ்வூர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் வழங்கப்படுகின்றது. அதன் இலையிலும் காயிலும் உள்ள செனோசைட்டு என்னும் பொருளைச் சுவிற்சலாந்து இரசாயன அறிஞர் ஆதர் ஸ்ரோலும் அவர்தம் துணைவரும் 1941 இற் பிரித்தெடுத்தனர். பேதி மருந்து எனப் பெயர் பெற்ற இச்செனோசைட்டு, தானாக நின்று பேதியை உண்டாக்குவதன்று. அது மாறாமலே பெருங்குடலை அடைகின்றது. அங்கே பற்றீரியங்கள் முதலில் அதனிற் பிணைந்த சர்க்கரையைக் கழற்றுகின்றன. பின்னர் எஞ்சியதை இரண்டாகப் பிளந்து இரேயின் அந்திரோன் என்னும் பொருளாக்குகின்றன. பெருங்குடலின் அசைவைத் தூண்டுவதும், நீர் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதும் இப்பொருளே. இரவிற் குடித்த குடிநீர் விடியும் வரை வாளாவிருந்ததன் காரணம் இதுதான். அது பெருங்குடலுக்குப் பயணஞ்செய்து, அங்குள்ளார் கையால் மருந்தாக்கப்படுவதற்கு ஆறு முதற் பன்னிரண்டு மணிநேரம் வேண்டும். அப்பாச்சி வைத்தது மருந்துக்கு மூலப்பொருள். மருந்து செய்து முடிக்கப்பட்டது நம் குடலில்.

இதனினும் தெளிவான சான்று கற்றாழையிற் கிடைத்தது. கற்றாழை மடலின் தோலுக்கடியில் வடியும் மஞ்சள்நிறப் பாலைக் காய்ச்சி இறுக்கியது கரியபோளம். அதுவும் பேதி மருந்தே. அதிலுள்ள பாபலோயின் என்னும் சத்தில் சர்க்கரை மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கும். யப்பானிய ஆய்வாளர் சிலர், நுண்ணுயிர் எதுவும் அணுகாவண்ணம் பிறந்து வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இச்சத்தைக் கொடுத்தனர், பேதியாகவில்லை. பின்னர் அப்பிணைப்பை அவிழ்க்கவல்ல ஒரேயொரு பற்றீரிய இனத்தை அவ்வெலிகளின் குடலிற் குடியேற்றி, அதே சத்தைக் கொடுத்தனர், கடும் பேதியாயிற்று. இது 1996 இல் வெளியான ஆய்வு. எலியும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மாறியது குடலிற் குடியிருந்தவர் தொகையே. பரியாரியாரின் சொல்லை இதனினும் நேராக உரைத்துக்காட்டும் சோதனை ஒன்றை நாம் அறியோம்.

இஃது ஏதோ நாட்டு மருந்துக்கே உரிய விசித்திரம் என எண்ணற்க. ஜேர்மனியில் டோமாக் என்பார் கண்ட பிரொன்ரோசில் என்னும் செந்நிற மருந்து 1935 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது நோயுற்ற சுண்டெலியைக் காத்தது. சோதனைக் குழாயிலுள்ள கிருமியையோ தொடவும் மாட்டாது நின்றது. அதே ஆண்டிற் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தார், உடலினுள் அது பிளவுண்டு சல்பனிலமைட்டு என்னும் பொருள் வெளிப்படுகின்றது என்றும், வேலை செய்வது அப்பொருளே என்றும் காட்டினர். அப்பிளப்பிற் குடற் பற்றீரியங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே, ஓர் இலையின் சாற்றைக் குழாயில் விட்டு, அங்கே ஒன்றும் நிகழவில்லை ஆதலின் அது வீண் என்பாரும், அங்கே கிருமி இறந்தது ஆதலின் அது நோய்க்கு மருந்து என்பாரும் ஒருசேரத் தவறுகின்றனர். குழாய்க்குக் குடல் இல்லை.

இனிக் கடுக்காய்க்கு வருவோம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலையை அறியாத வீடு நம் பகுதியில் இருந்ததில்லை. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான தனின்கள், மாதுளையிலும் அக்குறூட்டு விதையிலும் உள்ள எலாகித் தனின்களின் இனத்தவை. இவ்வினப் பொருள்கள் குடலில் எலாகிக் அமிலத்தைத் தருகின்றன. அதுவோ குருதியிற் சேர்வது மிகச் சொற்பம். பெருங்குடற் பற்றீரியங்கள் அதனை யூரோலிதின் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்றிய பின்னரே அவை உறிஞ்சப்படுகின்றன. ஸ்பானிய ஆய்வாளர் மாதுளையையும் அக்குறூட்டையும் பலருக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது மனிதர் மூவகையினராய்ப் பிரிந்தனர். ஒரு சாராரிடம் ஒருவகை யூரோலிதின் மட்டும் தோன்றியது. இன்னொரு சாராரிடம் அதனோடு வேறு வகைகளும் தோன்றின. எஞ்சிய சிறு பங்கினரிடம் எதுவுமே தோன்றவில்லை. மூன்றாம் வகையினர் மாதுளையை எவ்வளவு உண்டாலும் அப்பொருளைப் பெறார்; அதனைச் செய்து கொடுப்பார் அவர் குடலில் இல்லை.

சோயாவின் கதையும் இத்தகையதே. அதிலுள்ள டைட்சீன் என்னும் பொருளைச் சிலரின் குடற் பற்றீரியங்கள் ஈக்குவோல் என்னும் ஆற்றல் மிக்க பொருளாக மாற்றுகின்றன. மேலைநாட்டாரில் நால்வரில் அல்லது மூவரில் ஒருவரே இம்மாற்றம் பெறுவர். கிழக்காசிய மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெறுவர். நூறு பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்துச் சராசரி கண்டு, ‘பயன் சொற்பம்’ என முடிவு கட்டும் ஆய்வொன்றை எண்ணிப் பாருங்கள். அந்நூற்றுவரில் முப்பதின்மர்க்கு நற்பயனும் எழுபதின்மர்க்கு வெறுமையும் இருந்திருக்கலாமன்றோ? சராசரி அதனை மறைத்துவிடும். இதே நியாயம் மறுபுறமும் செல்லும். ‘எங்கள் மாமாவுக்கு இம்மருந்தால் நோய் தீர்ந்தது, உமக்கும் தீரும்’ என்று சந்தியில் நின்று உறுதிகூறுவாரும் மாமாவின் குடலை மறந்தவரே.

பற்றீரியங்கள் மருந்தை ஆக்குவன மட்டுமல்ல, அழிப்பனவுமாம். இங்கிலாந்தில் வைத்தியர் உவிதரிங்கு என்பார் 1785 இல் எழுதிய நூலால் நெய்விரற்பூச் செடி இதய நோய்க்கு மருந்தாகப் புகழ் பெற்றது. அவ்வினச் செடியிலிருந்து பெறப்படும் டிகொட்சின் இன்றும் வழக்கிலுள்ளது. அதனைக் கொள்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் அதன் பெரும்பகுதி குடலிலேயே செயலற்ற பொருளாக மாற்றப்படுகின்றது என 1981 இல் அறிவிக்கப்பட்டது. அத்தகையோர்க்கு வேறொரு நோய்க்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டபோது, மாற்றம் செய்த பற்றீரியம் அடங்கிற்று. குருதியில் டிகொட்சின் ஏறிற்று. டிகொட்சினோ அளவு சிறிது மிஞ்சினும் நஞ்சாவது. அம்மாற்றத்தைச் செய்வது எகேதெல்லா லெந்தா என்னும் ஒரே இனம். 2013 இல் அமெரிக்க ஆய்வாளர் அதன் பரம்பரையலகுகளையும் கண்டு, இன்னுமொன்றும் காட்டினர்: அப்பற்றீரியம் குடியிருந்த சுண்டெலிகளுக்குப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது, அது டிகொட்சினை அழிப்பது குறைந்து, குருதியில் மருந்து கூடிற்று. உண்ணும் உணவு மருந்தின் வலிமையை மாற்றிற்று என்பதைக் குறித்துக்கொள்க. அதற்கு மீண்டும் வருவோம்.

அன்றியும், நஞ்சை வெளிப்படுத்துவதும் அவற்றுக்கு ஆகும். மரவள்ளிக் கிழங்கிலுள்ள லினமரின் என்னும் பொருள் சயனைட்டைத் தன்னுள் அடக்கியது. சரியாகப் பக்குவஞ் செய்யாத கிழங்கில் அது எஞ்சிக் குடலை அடைந்தால், அதன் ஒரு பகுதியைப் பற்றீரியங்கள் பிளந்து சயனைட்டை வெளியேற்றவல்லன. கிழங்கை மூடாது அவித்து, நீரை வடித்து ஊற்றும் நம் வீட்டுப் பெண்களின் பக்குவம் எத்துணைப் பொருளுடையது என்பது இதனால் விளங்கும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிறிசின் என்னும் பொருளையும் குடற் பற்றீரியங்களே சர்க்கரை நீக்கிக் கிளிசிறெற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. குருதியிற் சேரும் அவ்வமிலம் அளவு மிஞ்சினால் குருதியமுக்கம் உயரும், பொற்றாசியம் குறையும். இருமலுக்கு நல்லது என்று நாள்தோறும் அதிமதுரத்தைச் சுவைக்கும் முதியவர், தம் அமுக்க மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என வியப்பதும் உண்டு. ‘பச்சிலைதானே, தீங்கு செய்யாது’ என்னும் பேச்சு அறியாமையின் பேச்சு. நன்மை செய்யும் வலிமை உள்ளதற்குத் தீமை செய்யும் வலிமையும் உண்டு.

நம் நாட்டு மரமஞ்சளின் கதையும் சுவையானது. அதிலுள்ள பேர்பெரின் என்னும் மஞ்சட் சத்து குடலில் எளிதிற் புகாது. பற்றீரியங்கள் அதில் ஐதரசனைச் சேர்த்து உருமாற்றுகின்றன. உருமாறியது குடற்சுவரைக் கடக்கின்றது. கடந்தபின் மீண்டும் பேர்பெரினாகிக் குருதியிற் சேர்கின்றது என 2015 இற் சீன ஆய்வாளர் காட்டினர். வாயிலிற் காவலனை ஏய்க்க வேடம் பூண்டு உள்நுழைந்து, பின் வேடம் களையும் கூத்தனைப்போல! நாம் நாளும் கறியிற் சேர்க்கும் மஞ்சளின் குர்க்குமினை உருமாற்றும் நொதியமொன்றையும், எல்லார் குடலிலும் சாதாரணமாய் வாழும் ஒரு பற்றீரியத்திலிருந்து யப்பானியர் 2011 இற் பிரித்தெடுத்துள்ளனர்.

இவையெல்லாம் செய்தி. இனி நம் கருத்து.

நம்மிடையே இரு கட்சியினர் உளர். ஒரு கட்சியார் நம் வைத்தியத்தை இலைத்தண்ணீர் வைத்தியம் என இகழ்வர். இவர்க்கு நாம் கூறுவது: ஒருவனுக்கு ஒரு மருந்து, இன்னொருவனுக்கு வேறொன்று, நோயை மட்டுமன்றி நோயாளியையும் பார், நாடியும் மலமும் பசியும் கேள் என்னும் முறை வெறும் பழைமைச் சடங்கன்று. ஒரே மருந்து எல்லார்க்கும் ஒரேபடி வேலை செய்யாது என்னும் அநுபவம் அதன் அடியில் உண்டு. அந்த அநுபவத்தின் ஒரு காரணத்தை இன்று நுண்ணுயிரியல் காண்கின்றது. அதனை இகழ்வது விஞ்ஞானமாகாது.

மற்றைக் கட்சியார், இவையெல்லாம் நம் சித்தர்கள் அன்றே அறிந்தவை என முழங்குவர். இவர்க்கும் ஒன்று கூறவேண்டும். வாதம், பித்தம், கபம் என வகுத்த முன்னோர் பற்றீரியத்தைக் கண்டிலர். செனோசைட்டின் இரு கூறுகளைக் கண்டிலர். அவர் கண்டது விளைவை. விளைவைக் கூர்ந்து கண்டு, தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தார். அதுவே அவர் பெருமை. காணாததைக் கண்டார் எனக் கூறுதல் அவர்க்குப் பெருமை சேர்ப்பதன்று, நம்மைச் சோம்பேறிகளாக்குவது. எல்லாம் அன்றே தெரியும் என்றால் இன்று செய்வதற்கு ஒன்றும் இல்லையே! செய்யவேண்டியதோ மலைபோற் கிடக்கின்றது.

பத்தியத்தை எடுத்துக்கொள்வோம். நம் பரியாரிமார் மருந்தைக் கொடுக்குமுன் பேதிக்குக் கொடுப்பர். மருந்துடன் அநுபானம் கூறுவர். புளி தள்ளு, மீன் தள்ளு, மோர் சேர், பழையது தொடாதே எனப் பத்தியம் விதிப்பர். இளைஞர் இதனைக் கேட்டு நகைப்பர். ஆயினும், உணவை மாற்றினால் ஒருசில நாள்களுக்குள்ளேயே குடற் பற்றீரியக் கூட்டத்தின் அமைப்பு மாறுகின்றது என 2014 இல் மனிதரிடம் நடத்திய ஆய்வு காட்டிற்று. டிகொட்சின் எலிகளையும் நினைக. அங்ஙனமாயின், பேதியும் பத்தியமும் குடலிற் குடியிருப்போரை மாற்றி மருந்தின் வலிமையையும் மாற்றுகின்றனவா? எப்பத்தியம் எம்மருந்துக்கு அவ்வாறு உதவுகின்றது? எது வெறும் வழக்கம்? இவை வினாக்கள், விடைகள் அல்ல. ஆயினும் இவ்வினாக்களைக் கேட்க உரிமையும் வாய்ப்பும் வேறெவர்க்கும் மேலாக நமக்கே உண்டு. நூலும் நம்மிடம், நோயாளியும் நம்மிடம், பத்தியம் வைக்கும் அடுக்களையும் நம்மிடம். பாரிசிலும் தோக்கியோவிலும் உள்ளார் கடுக்காயை ஆராயலாம். சரக்கரைத்த கறியையும் ஒடியற் கூழையும் அவர் எங்ஙனம் அறிவார்?

வாய்ப்பு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோப்பாயிலிருந்து நீரேரியைக் கடந்தாற் கைதடி. அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடைபெறுகின்றது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 முதல் இயங்கிவருகின்றது. விஞ்ஞான பீடமும் உண்டு. மூன்றும் மிதிவண்டித் தூரத்தில் உள்ளன. ஒரு சாலையிற் குடிநீர் வடிக்கப்படுகின்றது; மற்றொன்றிற் குருதி அளக்கப்படுகின்றது; இன்னொன்றிற் பற்றீரியம் வளர்க்கப்படுகின்றது. இம்மூன்றையும் ஒரு நோயாளியின் பொருட்டு ஓரிடத்திற் கூட்டுவதே வேண்டுவது. மருந்து இன்னது, அளவு இன்னது, பத்தியம் இன்னது, முன்னர் உண்ட நுண்ணுயிர்க்கொல்லி இன்னது, விளைவு இன்னது என ஒழுங்காகப் பதிவு செய்யும் ஒரு கொப்பியே முதற் கருவி. விலையுயர்ந்த பொறிகள் பின்னர் வரட்டும்.

நூல்களைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் மன்னர் காலத்து வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் நம் குடாநாட்டின் சொந்தச் செல்வம். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் பெருமுயற்சியுடன் அச்சேற்றியிராவிடின் அதன் கதி என்னாயிருக்கும்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏடுகளும் நூல்களுமாக ஏறத்தாழ 97,000 அழிந்தன. அவற்றைத் திரும்பப் பெறல் இயலாது. ஆயின், இன்னும் பல வீடுகளிற் பாட்டனார் வைத்த வாகடச் சுவடிகளும் கைப்பிரதிகளும் பெட்டியடியிற் செல்லரித்துக் கிடக்கின்றன. இடப்பெயர்வுகளிலும் பல தொலைந்தன. வெளிநாடு சென்ற பழைய மாணவர் பலர் கல்லூரிக்குக் கட்டடமும் மண்டபமும் தர முன்வருகின்றனர், வாழ்க. அவர்களுள் ஒருவர், ஊரிலுள்ள வாகடங்களைப் படம் பிடித்துப் பேணும் பணிக்கு உதவுவாராயின், அது சுண்ணாம்புச் சுவரினும் நெடிது நிற்கும்.

தமிழில் விஞ்ஞானம் இயலுமா என்னும் ஐயத்தை இம்மண்ணில் எழுப்புவது வியப்பு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பெருநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்தது அது. நொதியம், பற்றீரியம் எனச் சொற்கள் கைவந்த பின்னும் நாம் தயங்குவது ஏன்?

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றி வீட்டுக்கு வீடு கூறவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. அவை உயிர் காப்பன. நியூமோனியாவில் உழலும் குழந்தைக்கு அவற்றை மறுப்பது கொடுமை. ஆனால், தடிமனுக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அயலார் சொற்கேட்டு அவற்றை விழுங்குதலும், இரண்டு நாளிற் சுகமென நிறுத்தி மிச்சத்தை அடுத்த முறைக்குப் பெட்டியிற் போட்டு வைத்தலும் இருபடித் தீங்கு. கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதனவாகின்றன என்பது ஒன்று. அதனைப் பலரும் அறிவர். குடலிற் குடியிருந்து நமக்கு ஊழியஞ் செய்யும் கூட்டம் குலைந்து, மீளச் சில கிழமைகளோ மாதங்களோ எடுக்கின்றது, சில இனங்கள் மீளாமலும் போகின்றன என்பது மற்றொன்று. அதனை அறிவார் சிலரே. குடலை வெறுமையாக்கிய பின் குடிநீரைக் குடித்துவிட்டு, ‘சித்த வைத்தியம் எனக்குக் கேட்கவில்லை’ என்பது நெசவாளரை ஊரைவிட்டுத் துரத்திவிட்டு நூலைக் குறைகூறுவது போலாம்.

அதனோடு இயைந்தது இன்னொன்று. நம்மவர் பரியாரியாரிடம் போகும்போது டாக்குத்தரின் மாத்திரையை மறைப்பர். டாக்குத்தரிடம் போகும்போது பரியாரியாரின் குடிநீரை மறைப்பர். ஒருவர் ஏசுவார் என்னும் அச்சம் ஒருபுறம், மற்றவர் நகைப்பார் என்னும் வெட்கம் மறுபுறம். இவ்விரு மருந்துகளும் ஒரே குடலிற் சந்திக்கின்றன என்பதை நோயாளி மறந்தாலும் பற்றீரியங்கள் மறப்பதில்லை. ஆகையால், நோயாளிகளே, இருவரிடத்தும் உண்மை சொல்லுங்கள். வைத்தியர்களே, இரு திறத்தினரும், உண்மை சொன்னவரை ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி மறைத்த செய்தி ஓர் உயிரை வாங்கலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் உயிரியல் கற்போர் பலர் மருத்துவ பீடத்தையே நோக்கி நிற்கின்றீர்கள். எல்லோர்க்கும் இடங் கிடையாது. கிடையாதவர் வாழ்வு முடிந்துவிட்டதென்று பெற்றோர் கலங்குவதையும் ஆண்டுதோறும் காண்கின்றோம். இரசாயனம், நுண்ணுயிரியல், தாவரவியல், சித்த மருத்துவம் எனத் திறந்து கிடக்கும் வாயில்களை நோக்குங்கள். கோப்பாய்ச் செம்மண் வேலியோரத்தில் நிற்கும் ஆடாதோடையையும், கேணிக்கரையிலுள்ள வல்லாரையையும் பெயரறிந்து, இனமறிந்து, உலர்த்தி ஒட்டி ஒரு தொகுப்புச் செய்வது பத்தாம் வகுப்பு மாணவனாலும் ஆகும். செடியைத் தவறாக இனங்காண்பவன் பின்னர்ச் செய்யும் ஆய்வெல்லாம் தவறே. தொடக்கம் இங்கேதான்.

நாம் குறிப்பிட்ட பரியாரியார் மறைந்து நெடுங்காலமாயிற்று. அவர் ஒரு கொப்பியும் வைத்துச் சென்றதாகத் தெரியவில்லை. எத்தனை வயிறுகளை அவர் பார்த்தாரோ, எந்தக் குடலுக்கு எது கேட்டது என்று எவ்வளவு அறிந்திருந்தாரோ, அவ்வளவும் அவரோடு சென்றது. படலையடியில் நின்று கூறிய அந்த ஒரு வார்த்தைதான் நம்மிடம் எஞ்சியது. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டு காத்திருக்கும் நிலை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம். கேளுங்கள், எழுதுங்கள், சோதியுங்கள். அடுத்த விழா மலரில் இதே பொருளைப் பற்றி இக்கல்லூரியின் மாணவர் ஒருவர், பிறர் ஆய்வை எடுத்துரைக்கும் நம்மைப் போலன்றி, தம் சொந்த ஆய்வையே எடுத்துரைப்பாராக. நம் கல்லூரி நீடு வாழ்க.